'வெயிட் அன்டில் டார்க்': இருட்டு வருவதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரம் எதற்கு?

1967இல் வெளிவந்த 'வெயிட் அன்டில் டார்க்' படத்தை அண்மையில் முதல்முறையாகப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். கடைசி இருபது நிமிடங்கள் உலுக்கி எடுத்தாலும் அதற்கு முந்தைய பெரும்பகுதி மேடை நாடகத்தைப் படம்பிடித்ததுபோல் மெதுவாக நகர்கிறது, அப்படியிருக்க இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள் என்பது முதல் கேள்வி. பார்வையற்ற ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டில் மூன்று ஆண்கள் இத்தனை வேடம் கட்டி நடிப்பானேன், கத்தியைக் காட்டிக் கேட்டால் அவர்கள் தேடிவந்த பொம்மை கிடைத்துவிடாதா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு கணத்திலும் யாருக்கு என்ன தெரியும், யாருக்கு எது தெரியாது என்ற கணக்கைத் துல்லியமாக எழுதிக்கொண்டே போவதுதான் இந்தப் படத்தின் வேலை. மெதுவாக இருப்பதாக நீங்கள் சொல்லும் பகுதியில் அந்தக் கணக்கு எழுதப்படுகிறது; கடைசிப் பகுதியில் அது தீர்க்கப்படுகிறது.

பார்த்து நெடுநாள் ஆனவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். முடிவையும் பேசாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச இயலாது. மான்ட்ரியல் நகரிலிருந்து ஹெராயின் பொட்டலங்கள் தைத்து வைக்கப்பட்ட ஒரு பொம்மையுடன் விமானத்தில் நியூயார்க் வரும் லிசா என்ற பெண், விமான நிலையத்தில் தனக்காக ஒருவன் காத்திருப்பதைக் கண்டதும், உடன் பயணம் செய்த சாம் ஹென்ட்ரிக்ஸ் என்ற புகைப்படக்காரரிடம் அந்தப் பொம்மையைக் கொடுத்து வைத்திருக்கச் சொல்கிறாள். சாமின் மனைவி சூசி, விபத்தொன்றில் பார்வையை இழந்து அதிக காலம் ஆகாதவள். கிரீனிச் வில்லேஜில் தெரு மட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போகும் அடித்தள வீடு அவர்களுடையது. பொம்மையைத் தேடி ஹாரி ரோட் என்ற கொலைகாரனும், அவன் மிரட்டிச் சேர்த்துக்கொண்ட மைக், கார்லினோ என்ற இரு மோசடிக்காரர்களும் அந்த வீட்டுக்குள் வருகிறார்கள். சாமைப் பொய்யான வேலையைச் சொல்லி ஊரைவிட்டு அனுப்பிவிட்டு, மைக் சாமின் பழைய ராணுவ நண்பனாகவும், கார்லினோ போலீஸ்காரனாகவும், ரோட் முதலில் ஒரு முதியவராகவும் பிறகு அம்முதியவரின் மகனாகவும் வந்து, ஒரு கொலைப்பழி சாமின்மேல் விழப்போகிறது, பொம்மை கிடைத்தால்தான் அவன் தப்புவான் என்று சூசியை நம்பவைக்கப் பார்க்கிறார்கள். பொம்மையோ அவளுக்கே தெரியாமல் மேல்வீட்டுச் சிறுமி குளோரியாவிடம் இருக்கிறது.

இதை எழுதிய ஃபிரெடரிக் நாட் மிகக் குறைவாக எழுதியவர். அவருடைய பெயர் நிலைத்திருப்பது முதன்மையாக இரண்டு நாடகங்களால்: 1952இல் அரங்கேறி, 1954இல் ஹிட்ச்காக் படமாக்கிய 'டயல் எம் ஃபார் மர்டர்' ஒன்று, 1966 பிப்ரவரியில் பிராட்வேயில் அரங்கேறிய இந்த நாடகம் மற்றொன்று. மேடையில் சூசியாக லீ ரெமிக் நடித்தார், ரோட் வேடத்தில் ராபர்ட் டுவால் நடித்தார், ஆர்தர் பென் இயக்கினார். நாட் மனிதர்களின் மனத்தைவிடப் பொருள்களை நம்பும் எழுத்தாளர். 'டயல் எம்' கதையின் முடிச்சு முழுவதும் ஒரு கதவுச் சாவி எங்கே இருக்கிறது என்பதில் தொங்குகிறது. இங்கே அந்த இடத்தில் பொம்மை இருப்பதுபோல் தோன்றினாலும், பொம்மை வெறும் சாக்கு; மெய்யாகக் கதையை நடத்துகிற பொருள்கள் சன்னலின் அடுக்குத்திரை, எதிர்ச்சாரியில் இருக்கும் தொலைபேசிக் கூண்டு, ஒரு ஜோடிப் புதுக் காலணி, புகைப்படம் கழுவும் ஹைப்போ என்ற ரசாயனம், கைத்தடி, மின்விளக்குகள், கடைசியாக ஒரு ஃபிரிட்ஜ். இவை எல்லாம் நம் கண்ணெதிரே, ஒளிவுமறைவின்றி, முதல் பாதியிலேயே அந்த அறைக்குள் வைக்கப்பட்டுவிடுகின்றன.

முதல் கட்டத்தில் நமக்கு எல்லாம் தெரியும்; சூசிக்கு எதுவும் தெரியாது. அவள் முதன்முதலாக அறைக்குள் நுழையும் காட்சியை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்களும் உள்ளேயே நிற்கிறார்கள். லிசாவின் பிணம் உடைகள் தொங்கவிடும் உறைக்குள் தொங்குகிறது. சூசி தன் வீட்டில் தான் மட்டும் இருப்பதாக எண்ணி இயல்பாக நடமாடிவிட்டு வெளியே போய்விடுகிறாள். கேமரா பதறுவதில்லை, இசை அலறுவதில்லை. கூச்சலிட்டு எச்சரிக்க வேண்டும்போல் இருக்கும் நம்முடைய நிலைதான் அக்காட்சியின் முழு வலிமை. பார்வையுள்ள நாம் பார்த்துக்கொண்டு மட்டுமே இருக்க முடிகிறது; அறைக்குள் இருக்கும் மூவரும்கூட மூச்சை அடக்கிக்கொண்டு நம்மைப்போலவே பார்வையாளர்களாக நிற்கிறார்கள். படம் மிக நாசூக்காக நம்மை அவர்கள் பக்கத்தில் நிறுத்திவிடுகிறது. பார்க்கப்படுகிறோம் என்று அறியாத ஒருத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பதன் கூச்சம் படம் முழுவதும் நம்மை விட்டு நீங்குவதில்லை.

இதன்பிறகு வரும் நெடும்பகுதிதான் உங்களுக்கு இழுவையாகத் தெரிந்தது. மாறிமாறி ஆட்கள் வருகிறார்கள், பேசுகிறார்கள், போகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் வேறொன்று நடந்துகொண்டிருக்கிறது. போலீஸ்காரனாக வந்தவன் எதையோ துணியால் துடைத்துக்கொண்டே இருக்கிறான். அவனுடைய கைரேகையை அழிக்கிறான் என்பது நமக்குத் தெரியும், போலீஸ்காரன் ஏன் என் வீட்டைத் துடைக்கிறான் என்பது சூசியின் கேள்வி. வருகிற ஒவ்வொருவனும் சன்னலின் அடுக்குத்திரையைத் திறந்து மூடுகிறான். வெளியே நிற்பவனுக்கு அது சைகை என்பது நமக்குத் தெரியும், பகலா இரவா என்று பார்க்காத ஒருத்தியின் வீட்டில் வெளிச்சத்துக்கு ஏன் இவ்வளவு தவிப்பு என்பது அவளுக்குள் உறுத்துகிறது. முதியவரும் அவருடைய மகனும் ஒரே மாதிரிக் காலணி அணிந்திருக்கிறார்கள் என்பதை அவள் காது கண்டுபிடிக்கிறது. ரோட் ஒவ்வொரு முறையும் உடையும் மீசையும் மாற்றி வேடத்தை ஜோடித்துக்கொண்டு வருகிறான். பார்வையற்ற பெண்ணை ஏமாற்ற ஒப்பனை எதற்கு என்று படம் வந்த காலத்திலிருந்தே கேலி செய்கிறார்கள், அது நியாயமான கேலியும்கூட. ஆயினும் அத்தனை ஒப்பனை செய்தவன் காலணியை மட்டும் மாற்ற மறந்தான் என்பதில் ஒரு நயம் இருக்கிறது. கண்ணால் உலகத்தை அளப்பவன் செய்யக்கூடிய பிழை அது.

இப்படிச் சிறு சிறு துணுக்குகளாக அவளுடைய அறிவு கூடிக்கொண்டே வந்து, குளோரியாவின் கண்களை அவள் கடன் வாங்கும் இடத்தில் கணக்கு திரும்புகிறது. வெளியே போலீஸ் கார் நிற்கிறது என்று மைக் சொன்னானே, நிற்கிறதா என்று கேட்கிறாள். அப்படி எந்தக் காரும் இல்லை என்கிறாள் சிறுமி. அந்த ஒரு பதிலில், வந்தவர்களிலேயே அன்பாகப் பேசியவனும் பொய்யன் என்பது அவளுக்கு விளங்கிவிடுகிறது. என் மதிப்பில் படத்தின் உச்சம் இருட்டில் நடக்கும் சண்டையில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. இதற்குப் பிறகு மைக் திரும்பி வரும்போது, உண்மை தெரிந்துவிட்டது என்பதை அவனிடம் மறைத்து, முன்பிருந்த அதே நம்பிக்கையோடும் நன்றியோடும் அவள் பேசியாக வேண்டும். அவர்கள் நடித்தார்கள், அவள் நம்பினாள் என்ற நிலை மாறி, அவர்களும் நடிக்கிறார்கள், அவளும் நடிக்கிறாள் என்று ஆகிறது.

படத்தில் சூசியாக வரும் ஆட்ரி ஹெப்பர்னின் நடிப்பை இந்த இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். பார்வையற்றோருக்கான பயிற்சி நிலையத்தில் அவர் பயின்றதையும், எதிரே இருப்பவரின் முகத்தில் பார்வை பதியாமல் சற்றே விலகி நிற்கும்படி படம் முழுவதும் காத்ததையும் எல்லோரும் பாராட்டுகிறார்கள், பாராட்டத் தகுந்ததுதான். ஆனால் அது பயிற்சியால் வருவது. அதைவிடக் கடினமானது, பார்வையற்ற ஒருத்தியாக நடித்துக்கொண்டே, அந்தப் பார்வையற்றவள் எதுவும் தெரியாதவளாக நடிப்பதையும் நடிப்பது, அந்த இரண்டாம் நடிப்பு நமக்குத் தெரிய வேண்டும், மைக்குக்குத் தெரியக்கூடாது என்ற அளவைத் தவறாமல் பிடிப்பது. கவனித்தால் தெரியும், அவர் குரலை ஒரு மாத்திரை அதிகமாகவே பிரகாசமாக்குகிறார். வாக்கியங்கள் சற்று விரைவாக முடிகின்றன. கைகள் மட்டும் சொன்னபடி கேட்க மறுக்கின்றன. எதிரே இருப்பவனின் முகத்தைப் பார்க்க முடியாததால் தன் பொய் எடுபடுகிறதா என்பதை அவளால் அறிய முடிவதில்லை. பொய் சொல்பவர்களுக்கு உள்ள சாதாரண வசதிகூட அவளுக்கு இல்லை. இந்த வேடத்துக்காக அவருக்கு ஐந்தாவது முறையாகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அந்த ஆண்டு விருதை வாங்கியவர் மற்றொரு ஹெப்பர்னான கேதரின். இதற்குப் பிறகு ஆட்ரி ஒன்பது ஆண்டுகள், 1976 வரை, திரையில் தோன்றவில்லை. படத்தைத் தயாரித்த மெல் ஃபெரர் அப்போது அவருடைய கணவர்; மறு ஆண்டே அவர்கள் மணவிலக்குப் பெற்றார்கள்.

மைக்காக நடித்த ரிச்சர்ட் கிரென்னாவை யாரும் அதிகம் பேசுவதில்லை. அவனுடைய வேடத்தில் ஒரு இரட்டைத்தன்மை இருக்கிறது: சூசியை ஏமாற்ற வந்தவன் அவளை மதிக்கத் தொடங்கிவிடுகிறான், அது பொய்யா மெய்யா என்று அவளாலும் சொல்ல முடியவில்லை, நம்மாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பிற்பாடு அவன் வாசற்படியில் நின்று உண்மையை ஒப்புக்கொண்டு விடைபெறும் நொடியில் முதுகில் கத்தி இறங்குகிறது. அந்தச் சாவு நம்மைத் தாக்குவதற்குக் காரணம், அந்த ஒரு மணி நேரப் பேச்சில் அவன் நமக்குப் பழக்கமானவனாகிவிட்டான் என்பதே. 'மெதுவான' பகுதியை வெட்டியிருந்தால் இதுவும் போயிருக்கும்.

மூன்றாம் கட்டத்துக்கு வருவோம். தொலைபேசிக் கம்பி அறுக்கப்பட்டிருப்பதை அறிந்ததும் சூசி எடுக்கும் முடிவு, தன் குறையை எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுவது. வீட்டிலும் வாசல் நடையிலும் உள்ள விளக்குகளை ஒவ்வொன்றாக உடைக்கிறாள். கணவரின் வேலைமேசையிலிருந்து ஹைப்போவை எடுத்து வைத்துக்கொள்கிறாள். மலிவான படமாக இருந்தால் இருட்டு வந்த கணமே அவள் வெற்றி பெற்றிருப்பாள். இருட்டு அவளுடைய ஊர் அல்லவா என்று வசனமும் வைத்திருப்பார்கள். நாட் அவ்வளவு எளிதாக விடுவதில்லை. இருட்டாக்குவது ஒரு வேலை, இருட்டை இருட்டாகவே வைத்திருப்பது அதைவிடப் பெரிய வேலை என்பதை அவர் அறிந்திருக்கிறார். ஆகவே கடைசிப் பகுதி முழுவதும் அந்த அறையில் எங்கெங்கே வெளிச்சம் மிச்சமிருக்கிறது என்ற கணக்காகவே நடக்கிறது. தீக்குச்சி ஒரு வெளிச்சம். பற்றவைத்த காகிதம் ஒரு வெளிச்சம். ரோட் தரையில் பெட்ரோலை ஊற்றும்போது அந்த வாடையே அவளுக்குப் போதுமான மிரட்டல். பின்னர் அதே பெட்ரோலை அவன்மேல் தெளித்துவிட்டுத் தீக்குச்சியோடு நிற்கும்போது, வெளிச்சத்தின்மீதான அச்சம் அவனுக்கு மாறுகிறது. அவன் எங்கே நிற்கிறான் என்பது தெரிய, தன் கைத்தடியால் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும்படி அவனுக்கு ஆணையிடுகிறாள். பார்வையற்றவளின் கோல் பார்வையுள்ளவன் கையில் இருக்கிறது, அவள் சொல்லுக்கு அவன் தட்டுகிறான். வசனத்தில் ஒரு வார்த்தைகூடச் செலவழிக்காமல் படம் அந்தத் தலைகீழ் மாற்றத்தைக் காட்டிவிடுகிறது.

அப்போதுதான் தட்டும் ஓசை நிற்கிறது. அவன் ஃபிரிட்ஜைத் திறக்கிறான். திறந்தால் உள்ளே விளக்கு எரியும் என்பது நமக்குத் தெரிந்த மிகச் சாதாரணமான செய்தி, ஆனால் விளக்குகளை எண்ணும்போது நாமும் அதை எண்ணவில்லை. சூசி அதை மறந்ததற்கு நாம் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. பார்வை இழந்தபின் அவளுடைய உலகத்தில் ஃபிரிட்ஜுக்கு வெளிச்சம் என்ற குணமே இல்லாமல் போயிருக்கும். அவள் இவ்வளவு நேரம் எதைக்கொண்டு மற்றவர்களை மடக்கினாளோ அதே இடைவெளி இப்போது அவளையே மடக்குகிறது. காலணிச் சத்தத்தை மறந்த பார்வையுள்ளவனுக்கு ஈடாக, ஃபிரிட்ஜ் விளக்கை மறந்த பார்வையற்றவள். திகில் கதைகளில் இவ்வளவு நேர்மையான ஒரு திருப்பத்தை நான் அதிகம் கண்டதில்லை. கதவு மூடாதபடி அவன் துணியைச் செருகிவிட்டதால், கடைசியில் அவள் கதவை மூட முயன்று தோற்று, மின்செருகியைப் பிடுங்கித்தான் அந்த வெளிச்சத்தை அணைக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தாவலைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். சமையலறைக் கத்தியால் குத்தப்பட்டு விழுந்தவன் இறந்துவிட்டான் என்று நாம் மூச்சுவிடும்போது, இருட்டிலிருந்து பாய்ந்து அவள் காலைப் பிடிக்கிறான். இறந்ததாக எண்ணிய வில்லன் எழுந்து வருவது இன்று தேய்ந்துபோன உத்தி. 1967இல் அது புதிது. ஆனாலும் இன்றும் அது வேலை செய்வதற்குக் காரணம் அதிர்ச்சி மட்டும் என்று நான் எண்ணவில்லை. அதற்கு முன் படம் நம்மைக் கேட்கப் பழக்கியிருக்கிறது. நெடுநேரமாக ஓசைகளைக்கொண்டே ஆள் எங்கே என்று அறிந்துவந்த நாம், ஓசை இல்லாததால் ஆள் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். அதோடு அந்தக் காட்சி நெருக்கத்தில் எடுக்கப்படவில்லை. தொலைவிலிருந்து, அறையின் அகலம் தெரியும்படி எடுக்கப்பட்டிருப்பதால், அவன் உடல் சட்டகத்தின் குறுக்கே பறந்து வருவது முழுமையாகத் தெரிகிறது. இயக்குநர் டெரன்ஸ் யங் முதல் ஜேம்ஸ் பாண்ட் படமான 'டாக்டர் நோ'வையும் மேலும் இரண்டு பாண்ட் படங்களையும் எடுத்தவர் என்பதால் அவரைச் சண்டைக்காட்சி இயக்குநராகவே பலர் கருதுகிறார்கள். இந்தப் படத்தில் அவர் காட்டிய அடக்கத்துக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை.

வெளியான சமயத்தில் திரையரங்குகள் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். கடைசி எட்டு நிமிடங்களில் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு அரங்கின் விளக்குகள் அணைக்கப்படும், புகைபிடிக்கும் பகுதியில் உட்கார்ந்திருப்போர் அந்த நேரத்தில் தயவுசெய்து சிகரெட் பற்றவைக்க வேண்டாம் என்று விளம்பரமே செய்தார்கள். விளம்பரத் தந்திரம்தான், ஐயமில்லை. ஆனால் படத்தின் தர்க்கத்தோடு இவ்வளவு பொருந்திய விளம்பரத் தந்திரம் அரிது: திரையில் சூசி விளக்குகளை எண்ணி எண்ணி அணைப்பதுபோல, அரங்கில் மேலாளரும் அணைத்தார். வீட்டில் கைப்பேசியை அருகில் வைத்துக்கொண்டு, கூடத்து விளக்கு எரிய இதைப் பார்ப்பவருக்குப் படத்தின் கால்பங்கு காணாமல் போய்விடுகிறது.

ஹாரி ரோட்டாக நடித்த ஆலன் ஆர்க்கினைப் பற்றி எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கறுத்த வட்டக் கண்ணாடியும் தோல் மேலங்கியுமாக, எதிலும் அக்கறையற்ற மெல்லிய குரலில், கத்திக்குப் பெண்பெயர் வைத்துக் கொஞ்சும் அந்த மனிதன் பயமூட்டுகிறான் என்பதில் மறுப்பில்லை. கண் தெரியாதவள் கண்ணாடி அணிவதில்லை, கண் தெரிந்தவன் கண்ணை மறைத்துக்கொள்கிறான் என்ற அமைப்பும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் முதியவராகவும் மகனாகவும் வரும் காட்சிகளில் அவர் வேடத்தை ரசித்து நடிப்பது சற்றுத் துருத்திக்கொண்டு தெரிகிறது. அந்த இடங்களில் மேடையின் வாடை அடிக்கிறது என்று நீங்கள் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். வேடங்களைக் களைந்து அவனாகவே வரும் இறுதிப் பகுதியில்தான் ஆர்க்கின் ஈடு இணையற்றவர். அடுத்த ஆண்டே 'தி ஹார்ட் இஸ் எ லோன்லி ஹன்டர்' படத்தில் காது கேளாத, வாய் பேசாத மனிதராக நடித்து ஆஸ்கர் பரிந்துரை பெற்றார் என்பதை அறிந்தால் அவருடைய வீச்சு புரியும்.

ஹென்றி மான்சினியின் இசையைத் தனியாக ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரண்டு பியானோக்களை எடுத்து, ஒன்றை மற்றொன்றைவிடக் கால் சுரம் விலகியிருக்கும்படி சுருதி சேர்த்து, இரண்டையும் சேர்த்து வாசிக்க வைத்தார். கேட்பவருக்கு முதலில் என்ன தவறு என்று பிடிபடாது. ஏதோ ஒன்று சரியில்லை என்பது மட்டும் உடம்புக்குத் தெரியும். சூசி தன் வீட்டில் உணரும் நிலையும் அதுவே. 'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃப்பனிஸ்' படத்தில் அதே நடிகைக்கு 'மூன் ரிவர்' பாட்டைக் கொடுத்தவர் அவர்தான் என்பதை நினைத்தால் இந்த இசை இன்னும் விநோதமாகப் படுகிறது. ஒளிப்பதிவாளர் சார்லஸ் லேங்கும் ஆட்ரியை 'சப்ரினா', 'ஷரேட்' படங்களில் அழகாகக் காட்டிப் பழகியவர். இங்கே அந்த முகத்தைத் தீக்குச்சி வெளிச்சத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கத்தியைக் காட்டிக் கேட்டிருக்கலாமே என்பதற்குப் படத்துக்குள் ஒரு பதில் இருக்கிறது: பொம்மை எங்கே என்பது அவளுக்கே தெரியாது. மிரட்டினால் தெரியாததைச் சொல்ல முடியாது. அச்சப்பட்டவள் தேடவும் மாட்டாள். கணவரைக் காப்பாற்ற வேண்டும் என்று அவளே வீடு முழுவதும் தடவித் தேட வேண்டும், குளோரியாவிடமும் அக்கம்பக்கத்திலும் அவளே கேட்க வேண்டும். மேலும், போலீசைக் கூப்பிட்டால் கணவருக்குத்தான் கேடு என்று அவளை எண்ணவைப்பதால், பூட்டுப் போடாமலேயே அவளை வீட்டுக்குள் பூட்டிவிடுகிறார்கள். இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் இதைச் சொல்லிவிட்டு, பதில் முழுமையானது என்று நான் நடிக்கப் போவதில்லை. கடைசியில் குளோரியாவைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பிச் சாமை அழைத்துவரச் சொல்லும்போது சூசியும் ஏன் அவளோடு போய்விடவில்லை என்பதற்குப் படம் நெஞ்சுக்கு நிறைவான காரணம் தருவதில்லை. நாடகத்துக்கு அவள் அந்த அறையில் இருந்தாக வேண்டும், ஆகவே இருக்கிறாள். நாட் மனிதர்களைவிடப் பொருள்களை நம்புபவர் என்று சொன்னேனே, அதற்கு அவர் கொடுக்கும் விலை இது.

சாமின் குணத்தையும் பலர் குறைசொல்வார்கள். மனைவி எதற்கும் பிறர் உதவியை நாடக்கூடாது என்று அவர் காட்டும் கண்டிப்பு இன்று பார்க்கும்போது கசக்கிறது. உலகிலேயே தலைசிறந்த பார்வையற்ற பெண்ணாக நான் ஆகித்தான் தீர வேண்டுமா என்று அவள் கேட்பதற்கு, ஆம் என்பதுதான் அவர் பதில். படம் இந்தக் கண்டிப்பைச் சரியென்றே கருதுவதுபோல் தெரிகிறது. எனக்கு அதைவிட உண்மையாகப் படுவது குளோரியாவுக்கும் சூசிக்கும் இடையிலான உறவு. ஜூலி ஹெராட் நடித்த அந்தச் சிறுமி, கோபத்தில் சமையலறைப் பாத்திரங்களைத் தரையில் வீசியடித்துவிட்டு, பிறகு தானே பொறுக்கிக் கொடுக்கும் காட்சியில் கொடுமையும் வெட்கமும் அன்பும் ஒன்றாக இருக்கின்றன. கண்ணாடி போட்ட, தன்னை யாரும் விரும்புவதில்லை என்று நினைக்கிற ஒரு குழந்தைக்கு, தன் கண்கள் இன்னொருவருக்குத் தேவைப்படுகின்றன என்று தெரியவரும்போது அவள் முகத்தில் வரும் மாற்றத்தைத் தவறவிடாதீர்கள்.

இதே வகையில் இதற்கு முன் வந்த படங்களோடு வைத்துப் பார்த்தால் இதன் இடம் இன்னும் தெளிவாகும். ஒரு பெண்ணிடமிருந்து ஏதோ ஒன்றைப் பறித்துவிட்டு அவளை ஒரு வீட்டுக்குள் அடைப்பது ஹாலிவுட்டில் நாற்பதுகளிலேயே வேரூன்றிய வழக்கம். 1944இன் 'கேஸ்லைட்' படத்தில் இங்க்ரிட் பெர்க்மனிடமிருந்து தன் அறிவின்மீதான நம்பிக்கையைக் கணவன் பறிக்கிறான். 1946இன் 'தி ஸ்பைரல் ஸ்டேர்கேஸ்' படத்தில் டோரதி மெக்குவயருக்குக் குரல் இல்லை. 1948இன் 'சாரி, ராங் நம்பர்' படத்தில் பார்பரா ஸ்டான்விக் படுக்கையைவிட்டு எழ முடியாமல் தொலைபேசியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார். முதல் படத்தில் துப்பறியும் அதிகாரி வந்து உதவுகிறார். இரண்டாவதில் நோயாளி மூதாட்டி துப்பாக்கியெடுத்துக் காப்பாற்றுகிறார். மூன்றாவதில் யாரும் காப்பாற்றுவதில்லை. சூசியைப் பொறுத்தவரை, கணவரும் போலீசும் வந்து சேரும்போது வேலை முடிந்திருக்கிறது. அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2001இல் வெளியிட்ட நூறு பரபரப்புப் படங்களின் பட்டியலில் இதற்கு 55ஆம் இடம் கிடைத்தது. அதற்கு அந்த ஒரு தாவல் மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் துணிபு.

மறுபடி பார்க்க மனமிருந்தால், குளோரியா போலீஸ் கார் இல்லை என்று சொல்லும் இடத்திலிருந்து மைக் வெளியேறும் வரையிலான பகுதியை, ஆட்ரியின் கைகளை மட்டும் கவனித்துக்கொண்டு ஒருமுறை பாருங்கள். அதன்பிறகு நாட் எழுதிய 'டயல் எம்' படத்தையும் பார்ப்பது நல்லது. அங்கே சாவிக்குக் கிடைக்கும் மரியாதை இங்கே ஃபிரிட்ஜுக்குக் கிடைப்பதை நீங்களே கண்டுகொள்வீர்கள். எந்தப் படத்தை எப்போது பார்த்தாலும், இதை மட்டும் இரவில், கூடத்து விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.